பஸ் ஸ்டாப் பணி, அமைதி

பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் வருவார், இப்போது பத்து ஐம்பது, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. ஒரு கையெழுத்துப் போட நாற்பது நிமிஷம் ரொம்பக் கூடுதல், போடமாட்டேன் என்று சொல்வதற்கு மனசைத் திடப்படுத்திக்கொள்ள அது போதுமா என்றுதான் தெரியவில்லை. போடமாட்டேன். ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே கிடக்கிற இந்த பெஞ்சில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், ஸ்கூல் டியூட்டி ஏட்டு, பெயர் தளவாய், பிள்ளைகளுக்கு ஏட்டு சார், வாத்தியார்களுக்கு ஏட்டையா. சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து இருக்கிறது. காலையில் ஸ்டேஷனில் ரைட்டர் ஞானதுரை டைப் அடித்துக் கையில் கொடுத்தான், முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். என் பெயரில் ஒரு ரிப்போர்ட். நான் நேற்று மாலை நாலேகாலிலிருந்து ஐந்து மணிவரை பஸ் ஸ்டாப்பில் பணியில் இருந்தபோது கீழ்க்கண்ட எட்டு மாணவர்கள் கூட்டமாக வந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தினகரைக் கட்டையால் அடித்து இடது கையை முறித்ததை என் கண்ணால் பார்த்தேன். என் கண்ணால். எட்டுப் பெயர். ஆறாவது பெயர் உச்சிமாகாளி, பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு. மற்ற ஏழு பேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அடித்திருக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். உச்சிமாகாளி அடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் என் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்திருந்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. அதாவது நானும் அங்கே இல்லை. இல்லாத நான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டால் அவன் இருந்தான் என்று ஆகும். நான் இல்லை என்று சொன்னால் அவன் தப்பிப்பான், நான் தொலைந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை, இருந்தாலும் இந்த மனசு மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி அந்த ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, எதிர் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பரப்பளவு சூத்திரத்தைக் கூட்டமாகச் சொல்லுகிறார்கள், அரை பெருக்கல் அடி பெருக்கல் உயரம், அரை பெருக்கல் அடி பெருக்கல் உயரம்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னை ஏன் போட்டார்கள் என்றால் கயிற்றுக்காகப் போட்டார்கள். மணிக்கட்டுக் கயிறு. இரண்டு தெருப் பிள்ளைகள், இரண்டு விதக் கலர். எந்தக் கலர் எந்தத் தெரு என்று எனக்கு நன்றாகத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி எல்லாரும் நடந்துகொள்வோம். வந்த முதல் மாதமே ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கயிற்றின் கலரைப் பார்த்துத்தான் பக்கத்தில் உட்காருவேன் என்று சொன்னதைக் கேட்டேன். ஏழாம் வகுப்பு. அன்றைக்கே கடையில் போய்க் கத்தரிக்கோல் வாங்கினேன். தினமும் ஒன்பது மணிக்கு கேட்டில் நிற்பேன், கையை நீட்டச் சொல்லுவேன், வெட்டுவேன், பிஸ்கட் டின்னில் போடுவேன், நோட்டில் பெயர் எழுதுவேன். கைநீட்டி அடிக்கக் கூடாது, பிடித்துவைக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குள் லத்தி கொண்டு போகக் கூடாது, மேலிடத்து உத்தரவு. நானும் அடித்ததில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீசில் அடிக்காத போலீஸ்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அது பொய், இங்கே வந்த பிறகு அடித்ததில்லை என்றுதான் சொல்லுவேன். வெட்டும்போது ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்லுவான். சார் இது திருச்செந்தூர்க் கயிறு. சார் இது எங்க ஆச்சி கட்டினது. சார் இது காப்பு. தெருக் கயிறு என்று எந்தப் பயலும் சொன்னதில்லை. அதனால் நேற்றுக் காலையில் உச்சிமாகாளி கையை நீட்டி, "சார், இது காப்பு சார்" என்று சொன்னபோது, "எல்லாப் பயலும் அதத்தாம்ல சொல்லுதீய" என்று சொல்லிக்கொண்டே வெட்டிவிட்டேன். மஞ்சளாகத்தான் இருந்தது, ஆனால் அழுக்கேறி, நீலச் சட்டையின் சாயம் ஏறி, தூரத்திலிருந்து பார்த்தால் அவன் தெருக் கலர் மாதிரியே இருந்தது. அவன் கையை இழுக்கவில்லை. வெட்டின இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பின்னால் வந்தவன் "நவுருல" என்று தள்ளினதும் போய்விட்டான். கத்தியிருந்தால்கூட நான் நிறுத்தியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது, அதுவும் நிச்சயமில்லை, கத்தினவன்களையும் வெட்டியிருக்கிறேன்.

மத்தியானம் சோறு சாப்பிட்டபின் டின்னைத் திறந்து எண்ணிப் பார்க்கிறேன், அந்த மஞ்சள் நூலின் முடிச்சில் ஒரு விரலி மஞ்சள் துண்டு. தெருக் கயிற்றில் யார் மஞ்சள் வைத்துக் கட்டுவார்கள். மூன்றரைக்கு அவனை மைதானத்து ஓரமாகக் கூப்பிட்டு, "எதுக்குல கட்டின?" என்றேன். முதலில் ஒன்றுமில்லை சார் என்றான். அப்புறம், "அம்மைக்கு வியாழக்கெழம ஆபரேசன் சார். கர்ப்பப்பையில கட்டி. அவ வீட்டுக்குத் திரும்பி வார வரைக்கும் அவுக்க மாட்டேன்னு சொடலைக்கு நேந்து கட்டுனது" என்றான். "வெட்டும்போது இதச் சொல்லக் கூடாதால?" என்றேன். "சொன்னேன்லா சார். காப்புன்னு சொன்னேன்லா" என்றான். அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அதுதான் தைத்தது. "அறுந்தா என்ன செய்யணும்?" "பொழுது அடையிறதுக்குள்ள கோயில்ல வச்சுத் திரும்பக் கட்டணும். எங்க ஊருக்கு ஆறரைக்குத்தான் பஸ்சு. போறதுக்குள்ள இருட்டிரும்." எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. இருந்த கொஞ்சமும் என் மனைவி கோமு போனதோடு போயிற்று. ஆனால் ஒரு பையன் தன் அம்மை பிழைப்பதற்குக் கட்டினதை நான் கத்தரித்துவிட்டு, வியாழக்கிழமை அவளுக்கு ஏதாவது ஆனால், அவன் ஆயுசுக்கும் யாரை நினைப்பான். டாக்டரை நினைக்க மாட்டான். கடைசி மணி அடித்ததும் ஏறுல வண்டியில என்றேன். போகும்போது அவன் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டான், போலீஸ்காரன் தோளை எப்படித் தொடுவது என்று நினைத்திருப்பான். கோயில் ஊருக்கு வெளியே, கூரை கிடையாது, நாலு பீடமும் ஒரு வேப்பமரமும். பூசாரி அவன் தாய்மாமன். என் காக்கியைப் பார்த்ததும், "என்ன ஏட்டையா, மருமவன் என்ன பண்ணிட்டான்?" என்று பதறினான். "அவன் ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணிட்டேன். கட்டி விடும்" என்றேன். கட்டினான். திருநீறு என் நெற்றியிலும் பூசினான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன், ஐந்து பத்துக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் செருப்புகள் கிடந்தன, ஒரு சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது, டீக்கடை மணி ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு, "எங்கவே போனீரு?" என்றான்.

எங்கே போனேன் என்று புத்தகத்தைப் பார்த்தால் நான் எங்கேயும் போகவில்லை. அதுதான் விஷயம். மணி கடையில் ஆணியில் பட்டா புத்தகம் தொங்கும், பீட் போகிற போலீஸ்காரன் வந்துபோன நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிற சின்ன நோட்டு. நாலேகாலுக்கு நானூறு பிள்ளைகள் வந்து இறங்குகிற நேரத்தில் கடைக்குள் போய் எழுத முடியாது, அதனால் நான் தினமும் மூன்று மணி டீ குடிக்கும்போதே எழுதிவிடுவேன். 4.15 முதல் 5.00 வரை. பஸ் ஸ்டாப் பணி. அமைதி. கீழே கையெழுத்து. நான் மட்டுமா, எல்லாரும் அப்படித்தான், புதிதாக வருகிற கான்ஸ்டபிளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். இரண்டு வருஷமாக எழுதியிருக்கிறேன், அமைதி அமைதி அமைதி, ஒருநாளும் பிசகினதில்லை, நான் போய் நின்றால் அமைதியாகத்தான் இருக்கும். நான் நின்றால். இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நான் நின்றிருந்தால் தினகர் கை முறிந்திருக்காது. நான் ஒரு ஆள்தான், வயிறு வைத்த கிழட்டு ஏட்டு, ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு காக்கிச் சட்டை போய் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், கட்டையை எடுக்கிற கை ஒரு நொடி யோசிக்கும், அந்த நொடிக்குத்தான் எனக்குச் சம்பளம். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினகர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தகப்பன் என்னிடம் எட்டுப் பெயர் சொன்னார், எதிர்த் தெருவிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெரிய பையன்கள் மொத்தமே எட்டுப் பேர்தான், ஒருத்தன் விடாமல் சொன்னார். எல்லாப் புகாரும் அப்படித்தான் வரும், இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு புகாராவது அப்படி வராமல் பார்த்ததில்லை. கேட்டு எழுதிக்கொள்வதும் நாம்தான், அதில் அடிக்காதவனைக் கழிப்பதும் நாம்தான், கழிக்க வேண்டியவன்தான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அரை பெருக்கல் அடி பெருக்கல் உயரம் கேட்டுக்கொண்டிருக்கிறான். இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணினேன். "சார், நேத்து அந்த நேரத்துல நான்" என்று ஆரம்பித்தேன். "நீரு அங்க இருந்தீரு" என்றார். "இல்ல சார்" "ஏட்டு, புக்கு சொல்லுது நீரு இருந்தீருன்னு. அமைதின்னு எழுதிருக்கீரு பாரும், அதுக்குப் பக்கத்துல நாலு நாப்பது வரைன்னு சேத்துரும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் மதிவாணன் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார். நாலு நாப்பது வரை. மூன்று சொல், அடி விழுந்த நேரம் அதுதான். அதை நான் சேர்க்கவில்லை. காலையில் டீக்கடைக்குப் போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பத் தொங்கவிட்டு வந்தேன்.

ஹெட்மாஸ்டர் கிருபாகரன் இரண்டு தரம் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டையா, ஒண்ணு சொல்லட்டுமா. எட்டுப் பேரும் போயிட்டா பரிட்சை வரைக்கும் பள்ளிக்கூடம் அமைதியாயிரும்" என்றார். அமைதி. அவருக்கும் அதே சொல்தான். "உச்சிமாகாளி நேத்து என்கூட வந்தான் சார். நீங்க மாடிப்படியில நின்னு பாத்தீங்க. எங்க ஏட்டையா கெளம்பிட்டீங்கன்னு கேட்டீங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நேத்து மூணே முக்காலுக்கே டிஇஓ ஆபீசுக்குப் போயிட்டேன். மூவ்மென்ட் ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றார். அவருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. எழுந்து உள்ளே போனார். தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஆவுடை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலை, எனக்கு இரண்டு வயது மூப்பு, யாரையும் விட்டுவைக்க மாட்டாள். "நேத்து அந்தப் பயலப் பின்னால வச்சிக்கிட்டுப் போனீயளே, மாப்பிள பொண்ணு மாதிரி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "சொல்லுவியா ஆவுடை?" என்றேன். "நான் சொல்லிருவேன். எவன் எழுதுவான்? என்னத்துக்கு அந்நேரம் அங்கன நின்னேன்னு எனக்கே ஒரு கேசு போடுவீய. ஒங்க ஆளுவளப் பத்தி எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு, "காலைல சாப்பிட்டீயளா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சத்தியம் பேசத் தெம்பு இருக்காது. இருங்க" என்று போய் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். குடித்தேன். பூசாரி சொல்லலாம், மாமன் சொன்னால் யார் நம்புவார்கள். பையன் சொல்லலாம், குற்றவாளி அப்படித்தான் சொல்லுவான் என்பார்கள். மீதி இருப்பது நான் ஒருத்தன். பதினேழு வயசுப் பையன், மாடியில் இந்நேரம் வேதியியல் செய்முறைத் தேர்வில் குழாயில் எதையோ சூடாக்கிக்கொண்டிருப்பான், கையில் புதுக் காப்பு. கீழே ஜீப் வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவனைக் கூட்டிப் போனால் கூர்நோக்கு இல்லம், வியாழக்கிழமை அவன் அம்மையை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது வெளியே யார் நிற்பார்கள், தகப்பன் கேரளாவில் செங்கல் சூளையில்.

வெளியே நிற்பது. கோமு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளியே யார் நின்றார்கள். மகள் நின்றாள், பத்தொன்பது வயது. நான் தேர் பந்தோபஸ்தில் நின்றேன். காலையில் கோமு மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள், போயிட்டு வாங்க ஒண்ணும் ஆவாது என்றும் அவளேதான் சொன்னாள், லீவு கேட்டேன், தேரை நிலையில் கொண்டுவந்து விட்டுட்டுப் போம் என்றார் அப்போதிருந்த இன்ஸ்பெக்டர். தேர் நிலைக்கு வரச் சாயங்காலம் ஆயிற்று. அன்றைக்கு நான் நின்ற ஒவ்வொரு இடமும் உண்மை. போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் உண்மை. தெற்கு ரதவீதி, காலை ஏழு முதல் மாலை ஐந்தரை வரை, பணியில் இருந்தேன், இருந்தேன், வெயிலில் ஒரு அடி நகராமல் இருந்தேன். அவள் இரண்டு மணிக்கே போய்விட்டாள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, தேர் இழுக்கிற நேரத்தில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்களாம். அதற்காக எனக்கு ஒரு நற்சேவைச் சான்று கொடுத்தார்கள், தேர் விழாவில் சிறப்பாகப் பணிபுரிந்ததற்கு. ஆறு வருஷமாக அதை எங்கே வைத்திருக்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் புத்தகம் சொன்ன இடத்தில் இருந்தேன், சான்று கிடைத்தது. நேற்று முதல்தடவையாகப் புத்தகம் சொன்ன இடத்தில் இல்லாமல் வேறு ஒரு இடத்தில் இருந்தேன், ஒரு பையனின் கை முறிந்துவிட்டது. இதை எப்படிக் கணக்குப் பார்ப்பது, பார்க்க முடியாது, இரண்டும் இரண்டு தட்டில் நிற்காது. நான் போனது தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு கான்ஸ்டபிளை வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஒரு போன், அரை நிமிஷம், தோன்றவில்லை. தினகர் கை முறிந்ததில் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் என் பங்கை உச்சிமாகாளி தலையில் எழுத மாட்டேன். அது என்னுடையது. என்னிடம் இருக்கட்டும்.

ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருக்கிறது. மருமகனிடம் காலையில் போனில் சொன்னேன், வக்கீல் குமாஸ்தா, விவரமான ஆள். "மாமா, பொய்ப் பதிவு, பணியில் இல்லாம இருந்தது, ரெண்டும் சேந்தா சஸ்பென்ஷன்தான். பேசாமப் போட்டுருங்க. பையன் கேசு கோர்ட்டுல நிக்காது, பின்னால தன்னால கழண்டுரும்" என்றான். பின்னால. எத்தனை பேரை இந்தப் பின்னால என்ற சொல்லை நம்பி உள்ளே அனுப்பியிருக்கிறோம். கழன்றுதான் வந்தார்கள், சிலருக்கு மூன்று வருஷம், சிலருக்கு ஏழு. வரும்போது வேறு ஆளாக வந்தார்கள். உள்ளே போகும்போது எந்தத் தெருக் கயிறும் கட்டாதவன் வெளியே வரும்போது கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நான் கேட்டில் கத்தரிக்கோலோடு நின்று என்ன பிரயோசனம், காலையில் ஒன்று வெட்டி மாலையில் ஒன்று கட்டி அனுப்புகிறேன். சஸ்பெண்ட் பண்ணட்டும். வீட்டில் ஒரு ஆள், ஒரு வேளை சமைத்தால் இரண்டு வேளைக்கு வரும். பயமாக இல்லையா என்றால் இருக்கிறது, இருபத்தெட்டு வருஷம் எஸ் சார் சொன்ன வாய் இல்லை சார் என்று சொல்லுமா, அல்லது அவர் முகத்தைக் கண்டதும் பழக்கத்தில் எஸ் சார் என்று வந்துவிடுமா. வந்துவிடக் கூடாது. இல்லை சார். இல்லை சார். பிள்ளைகள் சூத்திரம் சொல்லுகிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். பதினொன்று இருபத்தைந்துக்கே ஜீப் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் முன்னால். கால் தானாக எழுந்தது, கை தானாகச் சல்யூட் அடித்தது. அடிக்கட்டும், அதில் தப்பில்லை.

மதிவாணன் ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் ஓரமாக நின்றார். ஞானதுரை பேட் வைத்துக்கொண்டு ஸ்டூலில். "கொண்டாரும் ஏட்டு" என்று கையை நீட்டினார். தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். விரித்துப் பார்த்தார். "கையெழுத்து எங்கவே?"

"போடல சார்."

"பேனா இல்லையா?"

"இருக்கு சார். நான் அங்க இல்ல. உச்சிமாகாளிய என் வண்டியில கூட்டிக்கிட்டு அவங்க ஊருக்குப் போயிருந்தேன். பட்டா புக்குல மூணு மணிக்கே எழுதி வச்சது நான்தான்."

ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டான். ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. "தளவாய், கதவச் சாத்திட்டு உக்காரும். நான் ஒண்ணும் கேக்கல, நீரும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"திறந்தே இருக்கட்டும் சார்."

"இன்னும் ஒரு வருசம்வே ஒமக்கு. ஒரு பொடிப்பயலுக்காவ இதெல்லாம் தேவையா? சரி, நீரு அங்க இல்ல. அப்ப அங்க யாருவே இருந்தா?"

"யாருமே இல்ல சார். அதனாலதான் தினகர் கை முறிஞ்சது. அதையும் எழுதிக்கிடுங்க."

எதிர் வகுப்பில் சத்தம் நின்றிருந்தது. அவர் தாளை நான்காகக் கிழித்து மேஜைமேல் போட்டார், பிறகு ஞானதுரை பக்கம் திரும்பினார். "வாக்குமூலம் எழுதுய்யா. மொறப்படி எழுது. பேரு, தகப்பன் பேரு எல்லாம் கேட்டு எழுது. வெளி ஆளக் கேக்கிற மாதிரி கேளு." என்னைச் சிறுமைப்படுத்தத்தான் சொன்னார். ஞானதுரை புதுத் தாள் எடுத்தான். பதினொரு வருஷமாக ஒரே பாத்திரத்தில் சோறு பிரித்துச் சாப்பிட்டவன், என் கல்யாணத் தேதிகூடத் தெரிந்தவன், பேனாவைத் திறந்துவிட்டு நிமிராமல், "பெயர்?" என்றான்.

"தளவாய்."

"தகப்பனார் பெயர்?"

"சண்முகவேலு."

"வயது?"

தாழ்வாரத்தில் துடைப்பச் சத்தமும் நின்றிருந்தது. மாடிப்படியில் செய்முறைத் தேர்வு முடிந்து யாரோ பேசிக்கொண்டு இறங்குகிறார்கள், நாலைந்து பேர், பரிட்சை நன்றாக எழுதின பிள்ளைகளின் பேச்சு. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"ஐம்பத்தெட்டு" என்றேன். "அடுத்ததக் கேளும்வே, நேத்து நாலேகாலுக்கு எங்க இருந்தீருன்னு கேளும்."